அயர்லாந்தில் ஒரு வெள்ளிக்கிழமை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அடுக்கப்போகிற சாக்குகளில் இதுதான் பெரிய சாக்கு.

நான் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்ததிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். ரயிலை விட்டால் பஸ். பாதி ஆயுசு இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கம்பியைப் பிடித்து நின்றபடியே போய்விட்டது. அப்படிப்பட்டவளை ஒருத்தி அயர்லாந்துக்குக் கூப்பிட்டாள்.

அவள் என் சிநேகிதி. பனமலைக்குப் பக்கத்தில் கிராமம், சொந்த நிலம், அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் விழுப்புரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். என் கணக்கை அவள் பார்த்து எழுதுவாள், அவளுடைய தாவரவியலை நான் பார்த்து எழுதுவேன். பிறகு அவள் நர்ஸ் படித்து, டப்ளினில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன்டி என்றால், "டூட்டி முடிஞ்சி வந்தா எனக்கு நானே பேஜாரு. இதுல இன்னொருத்தன் வேறயா?" என்பாள்.

போன வருஷம் கோடை லீவுக்கு, "வாடி, கார் வாங்கியிருக்கேன், ஊரு பூரா சுத்திட்டு வரலாம்" என்றாள். டிக்கெட்டையும் அவளே போட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் பெரிய மனது பண்ணி, "போய்ட்டு வா, மாவு மட்டும் அரைச்சி பிரிட்ஜ்ல வெச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டுத்தான் போனேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுடைய அப்பா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எனக்குப் போன் பண்ணினார். வீட்டுக்கு வாங்க என்றால் வரமாட்டார், கூச்சம். ஒரு மஞ்சள் பையை நீட்டினார். வறுத்த மல்லாட்டையும் கேப்பை மாவும். "டீச்சரம்மா, அது நல்லா சாப்பிடுதா, தூங்குதான்னு பார்த்துக்கினு வந்து சொல்லு. போன்ல கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுது. நீ நேரா சொல்லுவ" என்றார். நான் நேராகச் சொல்கிற ஆள் என்று யார் அவரிடம் சொன்னார்களோ தெரியாது. மகள்தான் சொல்லியிருப்பாள்.

இங்கே அவளுடைய அம்மா செத்த கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் போன் பண்ணி "செத்துட்டாரு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சீரியஸா இருக்குது, கெளம்பி வா" என்றுதான் சொல்வார்கள். வழியில் பதறிப்போய் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் பாதி தெரியும். ஆனால் அந்த மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பாடு இருக்கிறதே! அவளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் நர்ஸ் அல்லவா? எந்த மருந்து கொடுக்கச் சொல்லலாம், எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்திருக்கிறாள். விக்கிரவாண்டி தாண்டிக் கிராமத்துக்குள் கார் திரும்பினபோது தெருவில் ஷாமியானா போட்டிருந்தது.

"வழி நெடுக அம்மா பொழைச்சிக்கணும்னு வேண்டிக்கினு வந்தேன்டி. செத்துப்போனவங்களுக்கு" என்று அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்புறம் நிமிர்ந்து, "எங்க அப்பாவுக்கு ஏதாச்சும்னா எனக்கு நீதான் சொல்லணும். சீரியஸ்னு சொல்லக் கூடாது. நேரா சொல்லணும். சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். கையில் அடித்துப் பண்ணினேன்.

டப்ளினிலிருந்து மேற்கே கிளம்பினோம். ரோடு என்றால் என்ன ரோடு! நம் திருச்சி ரோட்டில் நாலு லாரி பக்கம் பக்கமாகப் போகும். அங்கே கிராமத்துப் பக்கம் போனால் ஒரு கார் போகிற அகலம்தான், இரண்டு பக்கமும் கல்லை அடுக்கிக் கட்டின சுவர். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருத்தர் பின்னால் போக வேண்டும். அவள்தான் ஒவ்வொரு தடவையும் பின்னால் போனாள். எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி நன்றி சொல்வார்கள். "இது இன்னாடி, ஒத்த விரலைக் காட்டறான்?" என்று நான் முதலில் கோபப்பட்டேன். அவள் வண்டியை ஓரங்கட்டிச் சிரித்தாள்.

காரில் அந்த ஊர் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. செய்தி முடிந்ததும் ஒரு பெண் நிதானமான குரலில் ஏதோ பேர்களாக வாசித்தாள். என்ன என்று கேட்டேன். "சாவுச் செய்தி. இன்னார் செத்துட்டாரு, இந்த வீட்ல வெச்சிருக்காங்க, இன்னிக்கு இந்த நேரத்துல அடக்கம், வர்றவங்க வரலாம். தெனம் வாசிப்பாங்க" என்றாள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. வார்டில் யாராவது இறந்தால் சொந்தக்காரர்களிடம் சுற்றி வளைத்துப் பேசக் கூடாதாம், இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டுமாம். "மொதல்ல என் வாயில வரவே இல்ல. நம்ம ஊரு வாயாச்சே! அப்புறம் கத்துக்கினேன். நேரா சொன்னாத்தான்டி அவங்களால அழ முடியுது" என்றாள். நான் மல்லாட்டையை உடைத்து அவள் கையில் போட்டுக்கொண்டே கேட்டேன். அவளுடைய அப்பா கொடுத்த மல்லாட்டைதான். உடைத்த ஓடுகளையெல்லாம் நான் மடியில் சேர்த்துக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் கடலோரமாக ஒரு ஊரில், ஒரு வயதான அம்மாள் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தாள், அங்கே தங்கினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கண் விழித்துப் போனைப் பார்த்தால் அவளுடைய தம்பியிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். அவளுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் எனக்கு. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் தோட்டத்துக்கு இறங்கிப் போய்ப் பேசினேன்.

"அக்கா, அப்பா பூட்டாருக்கா" என்றான் தம்பி. "விடிகாலையில மோட்டார் போடப் போனவரு. தொட்டிகிட்டயே சாஞ்சிட்டாரு."

நான் ஐயோ என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. மாடி ஜன்னல் திறந்திருந்தது.

"நாளைக்கு சனிக்கிழமை. சனிப் பொணம் தனியாப் போவாதுன்னு பெரியவங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறோம். எங்க அக்காவால எப்படியும் வந்து சேர முடியாது. வண்டி வேற ஓட்டிக்கினு இருக்குது. நடு ரோட்ல கேட்டுதுன்னா இன்னா ஆவறது? நீ எதுவும் சொல்லாதக்கா. ரெண்டு பேரும் பத்திரமா வீட்டுக்குப் போய்ச் சேருங்க. அப்புறமா சீரியஸ்னு சொல்லி ஏத்தி வுடு."

"சரிப்பா" என்றேன்.

அந்த "சரிப்பா"வை நான் இப்போதும் கேட்கிறேன். ரயிலில் கேட்கிறேன், வகுப்பில் கேட்கிறேன். அங்கே காலை, இங்கே மத்தியானம். எடுப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஆள் போய்ச் சேர முடியாது, உண்மை. ஆனால் போனில் அவர் முகத்தைக் காட்டியிருக்கலாமே? அவர் காதோரம் போனை வைக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசியிருப்பாளே? இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றாமல் இல்லை. தோன்றியது. தோட்டத்தில் நின்றபோதே தோன்றியது.

சாக்குகளை இப்போது சொல்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தச் சுவர்களுக்கு நடுவே அழுதுகொண்டு அவள் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? தம்பி வேண்டாம் என்கிறான், குடும்பத்து ஆள் அவன், நான் யார்? இதெல்லாம் நியாயம்தான். யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். ஆனால் இன்னொன்று இருந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் கடலோரத்துப் பெரிய பாறைகளைப் பார்ப்பதாக இருந்தது. அவள் மாதக்கணக்காகப் படம் அனுப்பி ஆசை காட்டின இடம். சொல்லிவிட்டால் அது இல்லை. அப்படியே வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். என் ஜென்மத்தில் இனிமேல் எங்கே வரப்போகிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன மனுஷி நான்! ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், எனக்குப் பாறை பார்க்க ஆசை. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

சாப்பிட உட்கார்ந்தோம். அந்த அம்மாள் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். சிநேகிதி நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை. "இன்னாடி, வயிறு சரியில்லையா? ஊரு மாறினா அப்படித்தான், வெந்நீர் குடி" என்று அவளே எழுந்து போய் வெந்நீர் கேட்டு வாங்கி வந்தாள்.

காரில் ஏறினதும் அப்பாவுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப் என்றது.

"சார்ஜ் போட்டிருக்க மாட்டாரு" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சத்தியத்தை மீறினவளுக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

"ஆமா. மல்லாட்டை புடுங்க ஆளுங்களக் கூட்டிக்கினு போயிருப்பாரு" என்று போனைக் கீழே வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் ரேடியோவில் அதே நிதானமான குரல் பேர்களை வாசிக்க ஆரம்பித்தது. நான் கையை நீட்டி நிறுத்தினேன்.

"ஏன்டி நிறுத்தின?"

"தலை வலிக்குது."

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரு அதுல வரப்போறாங்க, பயப்படறதுக்கு?" என்று சிரித்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் இடது கையை நீட்டினாள், மல்லாட்டைக்கு. உடைத்துப் போட்டேன்.

பாறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினபோது என் போன் அதிர்ந்தது. தம்பியுடைய வீடியோ கால். "பாத்ரூம் போயிட்டு வர்றேன்" என்று அங்கிருந்த ஓட்டல் கழிப்பறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். "அக்காவுக்குத்தான் குடுத்து வைக்கல. நீயாவது பாருக்கா" என்றான். பின்னால் மோளச் சத்தம். போனை யாரோ ஒரு பையனிடம் கொடுத்து, ஐஸ் பெட்டிப் பக்கம் திருப்பச் சொன்னான்.

பார்த்தேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொருத்தராக வாய்க்கரிசி போட்டார்கள். தம்பி பெண்டாட்டி போட்டுவிட்டு, இன்னொரு பிடி எடுத்து, "இது உங்க பொண்ணு பேருல மாமா" என்று சொல்லிப் போட்டாள். பிறகு தூக்கினார்கள். போனைப் பிடித்திருந்தவன் அழுதானோ என்னவோ, படம் ஆடி, தெருவும் வானமும் தெரிந்து, நின்றுபோனது. திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவள் பாறை ஓரத்து வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். காற்று ஆளைத் தள்ளியது. கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. மெரூன் கலர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முடியெல்லாம் முகத்தில் அடிக்க, "ஒரு போட்டோ எடுடி, அப்பாவுக்கு அனுப்பணும்" என்றாள். எடுத்தேன். அதோடு விட்டேனா? முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாயே என்று சொல்லி, "சிரிடி" என்றேன். சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்த நேரத்துக்கு அங்கே அவளுடைய அப்பா தெருமுனை தாண்டியிருப்பார்.

திரும்புகிற வழியில் ஒரு கடையில் கம்பளித் தொப்பிகள் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றாள். மே மாதத்தில் பனமலைக்குக் கம்பளித் தொப்பியா என்று எப்போதும்போலக் கிண்டல் பண்ணியிருப்பேன். பண்ணவில்லை. "மார்கழியில தண்ணி கட்டப் போவும்போது போட்டுக்குவாரு. சாம்பல் கலரா, பழுப்பா? நீ சொல்லு" என்று இரண்டையும் நீட்டினாள். நான் பழுப்பு என்றேன். ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அவள் அதை முகர்ந்து பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை டப்ளினுக்குத் திரும்பினோம். துணிகளை மெஷினில் போட்டாள், எனக்காக ரசம் வைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். அப்பா இறந்துட்டார், வெள்ளிக்கிழமை விடிகாலையில். இவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஒப்பிக்கும். வாயைத் திறந்தேன்.

"அப்பாவுக்கு… சீரியஸாம்டி" என்றேன்.

பாவி வாய்! அந்தச் சொல்தான் வந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவி வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"எப்ப எடுத்தாங்க?"

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

"நேத்து சாயங்காலம்."

"அங்க சாயங்காலம்னா…" என்று யோசித்தாள். "நாம எங்க இருந்தோம்?"

"பாறைகிட்ட."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"காலையிலயே தெரியும்."

இப்போது திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். எதிரே அவளும் உட்கார்ந்தாள், வார்டில் சொந்தக்காரர்களுக்கு எதிரே உட்காருவாளே, அப்படி.

"நீ பார்த்தியா? வீடியோல காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. ஒரு தடவை மறைச்சிட்ட, இனிமே மறைக்க உன்கிட்ட ஒண்ணும் இல்ல."

சொன்னேன். புது வேட்டி கட்டியிருந்தது. நெற்றியில் காசு வைத்திருந்தது. வாய் மூடுவதற்குத் துணி கட்டியிருந்தது. முகம் வீங்கவில்லை, தூங்குகிற மாதிரிதான் இருந்தது. தம்பி பெண்டாட்டி அவள் பேரில் அரிசி போட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"சவரம் பண்ணியிருந்தாங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வி ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் மகள் வருகிறாள் என்றால்தான் சவரம் பண்ணுவார். ஊரிலிருந்து கிளம்பிவந்து, திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே காத்திருப்பார். அவசரத்தில் பண்ணின சவரம், தாடையில் எங்காவது வெட்டியிருக்கும். விமான நிலையத்திலிருந்து வருகிற கார் அங்கே நின்று அவரை ஏற்றிக்கொண்டுதான் போகும். வீட்டிலேயே இருக்கலாமேப்பா என்றால், "சும்மா டீ குடிக்க வந்தேன்" என்பார்.

பண்ணியிருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லடி. வெள்ளை வெள்ளையா தாடி அப்படியே இருந்துச்சி."

அப்போதுதான் அழுதாள். மேஜை மேல் தலையைக் கவிழ்த்து, "அப்பா, அப்பா" என்று அழுதாள். நான் தோளைத் தொட்டேன். கையை எடு என்றாள்.

என் டிக்கெட்டையும் மாற்றி, இரண்டு பேரும் சேர்ந்தே ஊருக்கு வந்தோம். விமானத்தில் பேசவில்லை. காரில் பேசவில்லை. திண்டிவனம் வந்ததும் டிரைவரிடம், "இங்க ஓரமா நிறுத்துங்கண்ணா" என்றாள். எனக்காக, என் வீடு இங்கேதான் என்று நினைத்துக்கொண்டேன். அவள்தான் இறங்கினாள். மேம்பாலத்துக்குக் கீழே, டீக்கடைக்குப் பக்கத்தில், அவர் நிற்கிற தூண் பக்கமாகப் போய் நின்றாள். பஸ்காரர்கள் ஆரன் அடித்தார்கள். டீக்கடைக்காரர் அவளை அடையாளம் தெரிந்து, "பெரியவரு வரலையாம்மா?" என்றார்.

"அப்பா செத்துட்டாருண்ணா. வெள்ளிக்கிழமை" என்றாள்.

அவ்வளவுதான். தெளிவாக, நேராக. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். காருக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கிராமத்தில் என்னைக் கொண்டாடினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. "நல்ல காரியம் பண்ணினீங்க டீச்சர். வழியில சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? உங்கள மாதிரி வெவரமானவங்க கூட இருந்ததால ஆச்சி" என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிநேகிதி சுவரோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். காரியத்தன்று படையலில் புது வேட்டி துண்டுக்கு மேல் அந்தப் பழுப்புத் தொப்பியை வைத்தாள். யாரோ சின்னப் பிள்ளை சிரித்ததற்குத் தம்பி அதட்டினான்.

பிறகு திரும்பிப் போய்விட்டாள். ஏழெட்டு மாதம் பேச்சில்லை. நானாகப் போன் போட்டால் டூட்டி என்பாள். பொங்கலுக்கு அவளாகவே கூப்பிட்டாள். ஏதோ சமையல் சந்தேகம் மாதிரி ஆரம்பித்தாள், எனக்கு உயிரே வந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறோம். ஒரு நாள், "அங்க எடுத்த போட்டோ எல்லாம் அனுப்பு" என்றாள். அனுப்பினேன், ஒன்றைத் தவிர. "பாறையில எடுத்தது எங்க?" என்றாள். அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது.

போன மாதம் பேசும்போது நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மல்லாட்டைக்கு நல்ல மழை என்று தம்பி சொன்னானாம். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கிண்டல் பண்ணினாள். பழையபடி இருக்கிறாளே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"என்ன மன்னிச்சிட்டியாடி?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"நேரா சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

"மன்னிக்கல. எனக்கு நீ வேணும், உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? அதனால பேசறேன். ஆனா அந்தக் காலை நேரத்த நீ என்கிட்டேருந்து எடுத்துக்கினது எடுத்துக்கினதுதான். மன்னிச்சிட்டேன்னு சொன்னா உனக்கு நல்லா இருக்கும். அது உன்கிட்ட நான் சீரியஸ்னு சொல்ற மாதிரி. நான் சொல்ல மாட்டேன்."

"சரிடி" என்றேன்.

அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். சமாதானம் சொல்லவில்லை. காத்திருந்தாள். பிறகு வழக்கமான குரலில், "சாப்டியா?" என்றாள். அதற்கு நான் எப்போதும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன்.

"இல்லடி, இன்னும் சாப்பிடல" என்றேன்.

"போய்ச் சாப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.